முந்நூற்று இருபது சட்டை

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். இரண்டாவதாகத்தான் தெரியும். முதலில் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பல சமயம் அதுவும் சந்தேகம்தான்.

தையலக்கா விஷயத்தை நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொன்னால் கை கால் வைத்துச் சொல்வார்கள். இந்த விஷயத்துக்குக் கை கால் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

முதல் மாடியில் அக்கா வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் ஒரு சுவர். கட்டியவன் சிமெண்டை எண்ணி எண்ணிப் போட்டிருக்கிறான். அந்தப் பக்கம் கத்தரிக்கோல் விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிந்து தேடுவேன். அக்கா முன்னறையில் தையல் மெஷின் போட்டு, கடைகளுக்குப் பீஸ் கணக்கில் தைத்துக் கொடுப்பார். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மொட்டைமாடி மோட்டார் அறையில் ஆரம்பித்து, ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவைத் திறந்து மூடிப் பார்த்து, பேச்சுக் கொடுத்தவர்களோடு பேசி, எல்லாம் முடித்துத்தான் வீட்டுக்குள் நுழைவார். பொண்டாட்டி கையால் தைத்த சட்டையைத் தவிர வேறு போட்டதில்லை. நீலக் கட்டம். குனியும்போதெல்லாம் டெஸ்டர் கீழே விழுகிறது என்று அக்கா சட்டைக்கு உள்பக்கம், இடது நெஞ்சில், ஒரு சின்னப் பை வைத்துத் தைப்பார். அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் யார் கேட்டாலும் அதைத் திறந்து காட்டுவார் மனுஷர், ஏதோ பதக்கம் வாங்கினவர் மாதிரி.

நான்கு வருடத்துக்கு முன் அதே மோட்டார் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

வருடக் கடைசியில் வருகிற நன்றி நாள் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் விடுமுறை. மாலை நான்கு மணிக்குக் குடும்பம் முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்து, சாப்பிடுவதற்கு முன் ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், முகத்தைப் பார்த்து. எங்கள் வீட்டில் இது முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். எங்க வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் நன்றி" என்பார். கடிகாரம்கூடப் பதில் சொன்னதில்லை.

லிஃப்ட் அண்ணன் போன பிறகு வந்த முதல் நன்றி நாளுக்கு மறுநாள் காலை, அக்கா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"நேத்து வந்திருந்தாரு."

"யாருக்கா, கேபிள்காரரா?"

"எங்க வீட்டுக்காரரு."

என் கையிலிருந்த பால் பாக்கெட் நழுவப் பார்த்தது.

"அவரு நாற்காலில சட்டையைப் போட்டு, தட்டு வெச்சேன். சும்மா மனசுக்குத்தான். நாலரைக்கு நாற்காலி சூடாச்சு. தொட்டுப் பார்த்தேன், ஆள் உக்காந்த சூடு. கிரீஸ் வாசனை. அரை மணி நேரம் இருந்தாரு. நான் பேசிட்டே இருந்தேன். அப்புறம் ஆறிப்போச்சு."

"என்னக்கா பேசினீங்க?"

"அதையும் உன்கிட்ட சொல்லணுமா?"

அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள்.

அடுத்த வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடமும். அக்கா அதற்கப்புறம் அழுது நான் பார்த்ததில்லை. வருடத்துக்கு அரை மணி நேரம் என்று ஏதோ ஒப்பந்தம் போட்டவர் மாதிரி மற்ற நாட்களைத் தைத்துத் தள்ளினார். "மூணு மாசம்தான் இருக்கு" என்பார். மகள் கல்யாணத்துக்கு நாள் எண்ணுகிற மாதிரி இருக்கும்.

மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வேலைதான் ஆகியிருந்தது. மெயின் ரோட்டுப் பெரிய கடையில், விளம்பரப் பிரிவில். எங்கள் கட்டடத்தில் அவளுக்குப் பெயரே 'விளம்பரம்'தான். நல்ல பெண். ஆனால் நன்றி நாளன்று அந்தக் கடைக்கு விடுமுறை கிடையாது. 'இன்று குடும்பத்தோடு இருங்கள்' என்று வாசலில் பெரிதாக எழுதிவைத்து, விளம்பரப் பிரிவு உட்பட நூற்றைம்பது பேரை உள்ளே நிற்கவைத்துக்கொள்ளும். மூன்று வருடமும் அவள் ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். நாற்காலி ஆறிப்போன பிறகு. அதனால் அவள் அப்பா வருவதை அவள் பார்த்ததும் இல்லை, நம்பியதும் இல்லை. "அம்மாவுக்கு ஒரு ஆறுதல் அத்தை, இருந்துட்டுப் போகட்டும்" என்பாள் என்னிடம்.

போன வருடம் கடையில் ஒரு மீட்டிங். பிரிவுத் தலைவர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "உங்க வீட்டு நன்றி நாள்ல மனசைத் தொடற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்றாராம். இவள் முறை வந்தபோது அம்மா, நாற்காலி, சட்டை என்று சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது இவள் கண் கலங்கியது. தலைவர் கண்ணும் கலங்கியது. அடுத்த திங்கட்கிழமை அந்தக் கண்ணீருக்கு ஒரு விலைச்சீட்டு தொங்கியது.

நாற்காலி முதுகில் மாட்டுகிற உறை. நீலக் கட்டம் போட்ட சட்டை மாதிரியே: காலர், பட்டன், இரண்டு கை. கூடவே ரோஜா வாசனையில் ஒரு சின்னப் பொட்டலம். 'அவர் இடம் காலியாக இருக்க வேண்டாம்.' இது விளம்பர வாசகம். மகள் எழுதியது. பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

தைக்கிற வேலை எங்கே போகும்? இந்தப் பக்கத்தில் பீஸ் தைக்கிற நல்ல கை யாரிடம் இருக்கிறதோ அங்கேதான். முந்நூற்று இருபது உறை. மூன்று மாதம் அந்தச் சுவருக்கு அப்பால் மெஷின் நிற்கவே இல்லை. ஒருநாள் தேங்காய்த்துருவி வாங்கப் போனபோது பார்த்தேன். அறை முழுக்க நீலக் கட்டம், கட்டிலில் அடுக்கு, ஜன்னலில் அடுக்கு.

"அக்கா, இது உறைதானே, உள்ள பை எதுக்கு?"

அக்கா தைத்த ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார். "அட, கை அதுவா வெச்சிருக்கு. எத்தனை வருஷப் பழக்கம்."

பிரித்துவிடலாமா என்று கேட்டதற்குக் கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். மறுவாரம் விளம்பரத்தில் ஒரு வரி கூடியிருந்தது: 'அன்புக் கடிதம் வைக்க உள்ளே ஒரு இதயப் பை.' கேட்டபோது நானும் அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வேறொன்றும் எங்களுக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நன்றி நாள் நெருங்க நெருங்க, மெயின் ரோட்டில் நடக்கவே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் தோள் இருக்கிறது, கழுத்து இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒன்று. பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒன்று. அதில் உட்காரக் கூடாது என்று சீட்டு வேறு. செத்தவர்கள் இருக்கிற வீடும் வாங்கியது, இல்லாத வீடும் வாங்கியது. எங்கள் கட்டடத்தில் மட்டும் ஒன்பது. விசேஷத்துக்கு முந்தின நாள் எல்லோரும் கஞ்சி வாசனை போக அலசிப் பின்பக்கக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். காற்றில் ஒன்பது நீலச் சட்டையும் கையைத் தூக்கித் தூக்கி இறக்கின. அக்கா தன் ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கைவேலையைத் தானே ரசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்களும் வாங்கினோம், ஏன் மறைக்க வேண்டும். என் மாமியார் போய் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் எங்களோடு இருக்கிற என் நாத்தனார் என்னோடு நேராகப் பேசவில்லை. "டாக்டரை ஒரு நாள் முன்னாடி கூப்பிட்டிருக்கலாம்" என்று ஆட்கள் நிறைந்த கூடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் நடுவில் எங்க வீட்டுக்காரர்தான் தபால்காரர். "அண்ணா, அண்ணியை உப்பு குறைச்சுப் போடச் சொல்லு." "ஏங்க, உங்க தங்கச்சிக்கு நாக்கு நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு சொல்லுங்க." இப்படி.

உறையைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. "அண்ணா, அம்மாவுக்கு ஆம்பளச் சட்டையா?"

"வேற டிசைன் இல்லையாம்னு சொல்லுங்க" என்றேன்.

நான்கு மணிக்கு மேசையில் உட்கார்ந்தோம். நாலு பத்துக்கு என் போன் அடித்தது. மூன்றாம் மாடி டியூஷன் டீச்சர். "ஏய், எங்க நாற்காலி சூடா இருக்குடி. மாமனார் வந்துட்டாருன்னு இவரு ஓன்னு அழறாரு."

"டீச்சர், அது பாலியஸ்டர். துணிக்கே உள்ள சூடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாலரைக்கு இரண்டாம் மாடி பேங்க்காரர் வீடு. அவர்களுக்கு வந்தது சின்ன வயதில் போன தம்பியாம். "இப்பதான் போனான். பத்து நிமிஷம் இருந்தான்."

சிரித்துக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தேன். சிரிப்பு முடிவதற்குள் என் பக்கத்தில் இருந்த காலி நாற்காலி 'கிர்ர்' என்றது. கனமான ஆள் பின்னால் சாயும்போது வருகிற சத்தம். நாத்தனார் கை நீட்டி அதன் இருக்கையைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை.

"அண்ணா... அம்மா."

எனக்கு ரோஜா வாசனை வரவில்லை. கிரீஸ் வாசனைதான் வந்தது. கூடவே கொஞ்சம் துரு, கொஞ்சம் பீடி. லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னம்மா, இன்னைக்கு யார் வீட்டுக் கதை?" என்று கேட்பாரே, அந்த வாசனை.

மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, இப்போது முதல் மாடி. மனுஷர் மேலே இருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். எந்த வீட்டில் நுழைந்தாலும் மேசை போட்டிருக்கிறது, தட்டு வைத்திருக்கிறது, பொண்டாட்டி கையால் தைத்த சட்டை, உள்ளே பையோடு, தயாராக மாட்டியிருக்கிறது. எது தன் வீடு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"லிஃப்ட் அண்ணன் இது" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, நான் அண்ணியை எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. கடைசி மூணு மாசம் உன் துணிய நான் ஒரு நாள்கூடத் துவைக்கல. பயமா இருந்துச்சு. எல்லாம் அவங்கதான் பண்ணாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசினேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணி, நன்றி."

எங்க வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

சொல்லுங்கள், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது, "அடியே, இது உங்க அம்மா இல்ல, லிஃப்ட் மெக்கானிக்" என்று? என் வாழ்நாளில் ஒரு விஷயம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு நாள்தான்.

சுவருக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் சாதாரணமாக: "வாங்க, எல்லாம் தயார்." பிறகு பாத்திரத்தை அடுப்பில் மறுபடி வைக்கிற சத்தம். "ஆறிப்போகுது பாருங்க." பிறகு மிகச் சின்னக் குரலில், "ஏதாவது கோபமா?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஆனால் அதுவரை உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம். அவருக்கு இருப்பதே முப்பது.

"உப்பு வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். மூன்று பேருக்கு மேசை. அளவு நாடா கழுத்திலேயே தொங்க, அக்கா தனியாக உட்கார்ந்து, எதிர் நாற்காலியின் இருக்கையில் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றார் என்னைப் பார்த்து. "நாலே முக்கால் ஆச்சு."

"அக்கா, அவரு எங்க வீட்டுல இருக்காரு. அதுக்கு முன்னாடி மேல ரெண்டு வீட்டுல இருந்திருக்காரு. ஒவ்வொரு வீடா..."

அவருக்கு விளங்க ஒரு நொடி ஆனது. நாற்காலியில் கிடந்த சட்டையைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"நானே தச்சேன்" என்றார். "நானே உக்காந்து தச்சேன்டி. பையை வெச்சு."

கதவைச் சாத்தக்கூட நிற்கவில்லை. செருப்பில்லாமல் ஓடி வந்தார். எங்கள் மேசைக்கு வந்து, நாத்தனார் கை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். நானும் வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. ஓரத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பு, அதுவும் போய்க்கொண்டிருந்தது.

நாத்தனார் அழுத முகத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, எங்க அம்மா வந்திருந்தாங்க. இப்பத்தான் போனாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றார் அக்கா. "அம்மாதான். வேற யாரு வருவாங்க? நல்லாப் பேசினியா?"

"பேசினேன்க்கா."

"அது போதும்."

அவர் அதைச் சொன்ன விதத்தை யாரிடமும் செய்துகாட்ட எனக்கு வராது. நான் எல்லோரையும் மாதிரி செய்துகாட்டுகிறவள்தான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஆளில்லாத வீடு. திறந்து போட்ட கதவு. அக்கா சுவரைப் பார்த்தார். அக்கா இங்கே வந்த நேரத்தில் அண்ணன் அங்கே போய்விட்டார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அக்கா வீட்டிலேயே இருந்திருப்பார். முன்பே சொல்லியிருந்தால் இங்கேயே பிடித்திருப்பார். பேசாதபோதும் தப்பு, பேசியபோதும் தப்பு.

ஓடினார். நான் பின்னால்.

அண்ணன் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். கடை அடையாள அட்டை கழுத்தில், கைப்பை தோளில், காலில் செருப்பு. அந்தச் சட்டை அவள் முதுகுக்குப் பின்னால் கசங்கிக் கிடந்தது. நான்கு வருடமாக யாரும் உட்காராத நாற்காலி.

"அதுல ஏன்டி உக்காந்த?" அக்காவின் குரல் கிழிந்தது.

மகள் திடுக்கிட்டாள். "வீட்ல யாரும் இல்லம்மா. கதவு திறந்து கெடந்துச்சு."

"இந்த நேரத்துக்கு உனக்கு என்ன இங்க வேலை? கடை?"

"வந்துட்டேன்." கைப்பையின் வாரைத் திருகினாள். "பெரியவர் ஒருத்தர் உறையை வாங்கிட்டு, 'இதப் போட்டா நெஜமாவே வருவாங்களாம்மா'ன்னு கேட்டாரு. அதுக்கு ஒரு பதில் சொல்லிக் குடுத்திருக்காங்க. 'கண்டிப்பா வருவாங்க சார், நீங்க கூப்பிட்டாப் போதும்.' காலைலேருந்து அறுபது பேருக்குச் சொன்னேன். அவருக்குச் சொல்ல வாய் வரல. யார்கிட்டயும் சொல்லாமப் பஸ் ஏறிட்டேன்."

"அதுக்கு? அந்த நாற்காலியா கெடச்சுது?"

"கால் வலிம்மா. பிடிச்சுக்கலாம்னு கை வெச்சேன். சூடா இருந்துச்சு. நீதான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்து இப்ப எழுந்து போயிருக்கேன்னு நெனச்சேன். சரின்னு உக்காந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "உக்காந்தப்புறம் எழுந்துக்கத் தோணல. யாரோ... தெரியலம்மா. நல்லா இருந்துச்சு."

எழுந்திருக்க முயன்றாள். வாசல்படியில் நின்ற எனக்கே கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியது.

மணி நாலு ஐம்பத்தைந்து. அக்காவுக்கு மீதி இருந்தது ஐந்து நிமிடம். வருடம் முழுக்க, முந்நூற்று அறுபத்தைந்து நாளும், அவர் தைத்துத் தைத்துக் காத்திருந்தது அதற்காகத்தான். 'தள்ளு' என்று சொல்வார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் தள்ளிவிட்டே உட்கார்ந்திருப்பேன். அக்காவின் கை நாற்காலியை நோக்கிப் போனது, நடுவழியில் நின்றது.

"எழுந்திரிக்காத" என்றார்.

"இல்லம்மா, அப்பாவோட..."

"எழுந்திரிக்காதன்னு சொல்றேன்ல. அப்படியே சாஞ்சு உக்காரு."

மகள் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் தோள் இரண்டும் மெதுவாக இறங்கின, பின்னாலிருந்து யாரோ கை வைத்து அமுக்கியது போல. அவள் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆனால் மறுபடி முன்னால் திரும்பியபோது அவள் முகம் சிறு பெண்ணின் முகமாக இருந்தது. "அம்மா" என்றாள், வேறெதுவும் சொல்லாமல்.

அக்கா அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்திருந்த தட்டை மகள் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது முறை சுடவைத்ததைப் பரிமாறினார். கொஞ்சம் மேசையில் சிந்தியது. பிறகு எதிரில் உட்கார்ந்தார்.

"லேட்டானாப் பரவால்ல" என்றார், மகளின் தலைக்குச் சற்று மேலே பார்த்தபடி. "சாப்பிடட்டும். நீங்க அவசரப்படாதீங்க."